பாட்டோடு வந்த பூட்டு

பணம் கொடுத்து வாங்கிய பாட்டுக் குறுவட்டு, வாங்கியவருடைய கணினிக்குள் ஒரு மென்பொருளை நிறுவுகிறது. அந்த மென்பொருள் தான் அங்கே இருப்பதை மறைத்துக்கொள்கிறது. எந்த வட்டு ஓடுகிறது என்ற தகவலை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. தேடிக் கண்டுபிடித்து நீக்கப் பார்த்தால் வட்டு இயக்கியே கணினியின் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. உலகின் மிகப் பெரிய இசை நிறுவனங்களில் ஒன்றான சோனி பிஎம்ஜி, 2005ஆம் ஆண்டில், தன்னிடம் நேர்மையாகப் பணம் கொடுத்த வாடிக்கையாளர்களுக்கு இதைச் செய்தது.

இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. குறுவட்டைப் போட்டுப் பாட்டுக் கேட்பவர்கள் அருகிவிட்டார்கள். ஆனாலும் அந்த விவகாரம் எழுப்பிய கேள்வி அப்படியே இருக்கிறது. பாட்டுக்குச் சொந்தக்காரர் என்பதால், அதைக் கேட்பவருடைய கருவியின் மீதும் ஒருவருக்கு உரிமை வந்துவிடுமா? இதைச் சிங்கப்பூரில் இருந்துகொண்டு கேட்கக் காரணம் உண்டு. இத்தகைய பூட்டுகளை உடைப்பதைத் தடைசெய்யும் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தது அதே 2005இல். பதினைந்து ஆண்டுகள் கழித்து, துவாஸிலும் தீவின் பிற ஓரங்களிலும் உள்ள தங்கும் விடுதிகளில் வாழும் தொழிலாளர்களின் கைப்பேசிகளில் செயலிகள் கட்டாயமாக ஏறின. பாட்டு வட்டும் விடுதிச் செயலியும் வேறு வேறு கதைகள்தாம். ஆனால் இரண்டிலும் ஒருவருடைய கருவிக்குள் இன்னொருவர் நுழைகிறார். நுழைபவர் என்ன சொல்லிவிட்டு நுழைய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் அக்கறை.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2005 அக்டோபர் 31 அன்று, விண்டோஸ் இயங்குதளத்தின் உள்ளமைப்பை நன்கறிந்த மார்க் ருசினோவிச், தம் கணினியில் கண்டதைப் பொதுவெளியில் எழுதினார். மறைந்திருக்கும் நிரல்களைக் கண்டுபிடிக்க அவரே எழுதிய ஒரு கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய கணினியிலேயே அப்படி ஒன்று அகப்பட்டது. தடம் பிடித்துப் போனபோது அது வான் சாண்ட் சகோதரர்களின் இசைத்தொகுப்பு ஒன்றில் போய் நின்றது. அவர் கடைவிலை கொடுத்து வாங்கிய வட்டு அது. உள்ளே இருந்தது எக்ஸ்சிபி என்ற பூட்டு. அதைச் செய்து கொடுத்தது இங்கிலாந்தின் ஃபர்ஸ்ட் ஃபோர் இன்டர்நெட் நிறுவனம்.

அது வேலை செய்த விதம் கவனிக்கத் தக்கது. விண்டோஸ் அந்தக் காலத்தில் வட்டைச் செருகியதுமே அதிலுள்ள நிரலைத் தானாக ஓட்டும். அந்த வழியாக உள்ளே போன எக்ஸ்சிபி, இயங்குதளத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்துகொண்டது. எந்த நிரலாவது "இங்கே என்னென்ன கோப்புகள் உள்ளன?" என்று இயங்குதளத்தைக் கேட்டால், பதிலில் தன் பெயர் வராதபடி திருத்திவிடும். டாலர் குறியோடு தொடங்கும் ஒரு குறிப்பிட்ட முன்னொட்டு பெயரில் இருந்தால் போதும், அந்தக் கோப்பு யார் கண்ணிலும் படாது. இணையக் கொள்ளையர்கள் பயன்படுத்தி வந்த இந்த உத்திக்குக் கணினித் துறையில் ரூட்கிட் என்று பெயர். தன் சேவைகளில் ஒன்றுக்கு விண்டோஸின் சொந்த உறுப்பு போலத் தோன்றும் பெயரையும் அது வைத்துக்கொண்டது. வட்டு ஓடாத நேரத்திலும் கணினியில் இயங்கும் நிரல்களை ஓயாமல் சோதித்துக்கொண்டே இருந்தது.

இதில் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. அந்த முன்னொட்டு இருக்கும் கோப்பு யாருடையது என்று எக்ஸ்சிபி பார்ப்பதில்லை. எவர் அந்தப் பெயரைச் சூட்டினாலும் மறைத்துக் கொடுக்கும். ருசினோவிச் எழுதி இரண்டு வாரம் முடிவதற்குள், நவம்பர் 10 அன்று, சோனியின் மறைப்பைப் பயன்படுத்தி ஒளிந்துகொள்ளும் தீநிரல் மின்னஞ்சல்களில் வந்துவிட்டது. வைரஸ் தடுப்பு மென்பொருளை ஒழுங்காகப் போட்டு, திருட்டு நகலைத் தொடாமல், கடைக்குப் போய் அசல் வட்டை வாங்கியவரே இதில் அதிகம் பாதுகாப்பற்றவர் ஆனார். பதிவிறக்கித் திருட்டுத்தனமாகக் கேட்டவருக்கு ஒரு கேடும் இல்லை. இந்த அநீதியை என்னால் இன்றும் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

சோனி பிஎம்ஜி இன்னொரு பூட்டையும் பயன்படுத்தியது. அமெரிக்காவின் சன்காம் நிறுவனம் செய்த மீடியாமேக்ஸ் அது. செய்தித்தாள்களில் குறைவாகப் பேசப்பட்டாலும், சம்மதம் என்ற கோணத்தில் பார்த்தால் இதுவே மோசமானது. உரிம ஒப்பந்தம் திரையில் தோன்றுவதற்கு முன்பே தன் கோப்புகளைக் கணினியில் இறக்கிவிடும். "ஏற்கவில்லை" என்று சொல்லி வெளியேறினாலும் அவை அங்கேயே கிடக்கும். முன்னதாக 2003இல், இந்த நிறுவனத்தின் பூட்டை ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே வட்டைச் செருகினால் தாண்டிவிடலாம் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் எழுதிக் காட்டினார். அவர் மீது வழக்குப் போடப்போவதாக நிறுவனம் மிரட்டியது. பிறகு பின்வாங்கியது. ஒரு விசையில் திறக்கும் பூட்டுக்காகத்தான் இத்தனையும்.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புலம்பெயர்ந்து வாழும் நமக்கு அதில் தனிப் பாடம் இருக்கிறது. எக்ஸ்சிபி வட்டோடு வந்த அந்த நீண்ட ஆங்கில வாசகத்தை அமெரிக்காவின் மின்னணு எல்லை அறக்கட்டளை வரிவரியாகப் படித்து மக்களுக்கு எடுத்துச் சொன்னது. அதன்படி, வட்டு களவு போனால் கணினியில் உள்ள பாட்டு நகல்களையும் அழித்துவிட வேண்டும். திவாலானாலும் அழிக்க வேண்டும். அலுவலகக் கணினியில் வைத்துக்கொள்ளக் கூடாது. நிறுவனம் தரும் புதுப்பிப்புகளை ஏற்காவிட்டால் பாட்டை இழக்க வேண்டும். என்ன சேதம் நேர்ந்தாலும் நிறுவனத்தின் பொறுப்பு 5 டாலருக்கு மேல் போகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாட்டைவிட்டு வேறு நாட்டுக்குக் குடிபோனால் பாட்டுகளை அழித்துவிட்டுப் போக வேண்டும்.

கடைசி நிபந்தனையைத் தமிழர் எவரும் நிதானமாக யோசிக்கலாம். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறியவர்கள் முதல் திருச்சியிலிருந்து விமானம் ஏறுபவர்கள் வரை, பெட்டியில் துணியோடு பாட்டையும் வைத்துக்கொண்டு வந்தவர்கள் நம்மவர்கள். கிராமபோன் தட்டும் ஒலிநாடாவும் குறுவட்டும் மெமரி கார்டும் என்று வடிவம் மாறியதே தவிர வழக்கம் மாறவில்லை. சிங்கப்பூரின் தேக்காவில் பாட்டுக் கடைகள் நிலைத்து நின்றதற்கு அந்தப் பசிதான் காரணம். எல்லை கடந்தால் பாட்டை அழி என்ற நிபந்தனையை எழுதியவர்கள், பாட்டு எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதையே அறியாதவர்கள். அந்த வாசகம் முழுவதிலும், கணினிக்குள் ஒரு நிரல் தன்னை மறைத்துக்கொண்டு உட்காரும் என்ற செய்தி மட்டும் இல்லை.

விவகாரம் வெடித்தபின் நிறுவனம் நடந்துகொண்ட விதம் காயத்தை ஆழமாக்கியது. நவம்பர் 4 அன்று அமெரிக்க வானொலிப் பேட்டியில், சோனி பிஎம்ஜியின் உலக மின்னிலக்க வணிகத் தலைவர் தாமஸ் ஹெஸ்ஸே, ரூட்கிட் என்றால் என்னவென்றே பெரும்பாலோருக்குத் தெரியாதபோது அவர்கள் ஏன் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்ற பொருளில் பேசினார். தெரியாதவரை ஏமாற்றலாம் என்ற மனப்போக்கு அதில் அப்படியே வெளிப்பட்டது. நீக்குவதற்கென்று கொடுக்கப்பட்ட மென்பொருளோ வேறு ஒரு கதவைத் திறந்து வைத்தது. அதை நிறுவிய கணினியில் எந்த இணையப் பக்கமும் தான் விரும்பிய நிரலை ஓட்டலாம் என்பதைப் பிரின்ஸ்டனின் எட்வர்ட் ஃபெல்டனும் ஹால்டர்மனும் கண்டுபிடித்தார்கள்.

பூட்டின் உள்ளே வேறொன்றும் அகப்பட்டது. லேம் போன்ற திறமூல மென்பொருள்களின் வரிகள், அவற்றின் உரிம நிபந்தனைகளைப் பின்பற்றாமல் எடுத்தாளப்பட்டிருந்தன. பதிப்புரிமையைக் காக்கப் புறப்பட்ட பொருளே பிறருடைய பதிப்புரிமையை மீறியிருந்தது.

நவம்பர் நடுவில் சோனி பிஎம்ஜி வட்டுகளைத் திரும்பப் பெற்றது. எக்ஸ்சிபி ஏற்றியவை 52 தொகுப்புகள். சந்தைக்கு அனுப்பப்பட்டவை ஏறத்தாழ 47 இலட்சம் வட்டுகள், விற்றவை 21 இலட்சம் என்று நிறுவனமே சொன்னது. பெரும்பாலும் வட அமெரிக்காவில் விற்றவைதாம். ஆனால் பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி இணையத்தின் பெயர்ச் சேவையகங்களைச் சோதித்தபோது, ஐந்தரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சேவையகங்களில் இந்த மென்பொருளின் தொடர்புத் தடம் பதிந்திருந்தது. அவை 160க்கும் அதிகமான நாடுகளில் இருந்தன. பாட்டு எப்படி எல்லை தாண்டுமோ அப்படியே பூட்டும் தாண்டியது.

நவம்பர் 21 அன்று டெக்சஸ் மாநிலம் வழக்குத் தொடுத்தது. 2006 மே மாதம் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தில், எக்ஸ்சிபி வட்டை வாங்கியவர்களுக்கு ஏழரை டாலரும் ஒரு தொகுப்பும், அல்லது மூன்று தொகுப்புகளும் கிடைத்தன. அந்த ஆண்டு டிசம்பரில் டெக்சஸுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் தலா 7,50,000 டாலர், மேலும் 40 மாநிலங்களுக்குச் சேர்த்து 42.5 இலட்சம் டாலர். 2007 ஜனவரியில் கூட்டரசு வணிக ஆணையமும் சமரசத்துக்கு வந்தது. கணினி சேதமடைந்தவர்களுக்கு 150 டாலர் வரை ஈடு. எவரும் சிறைக்குப் போகவில்லை. இதையே ஒரு கல்லூரி மாணவன் தன் அறையிலிருந்து செய்திருந்தால் சட்டம் இவ்வளவு மென்மையாக நடந்திருக்காது.

இங்கேதான் சட்டத்தின் கோணல் தெரிகிறது. ஃபெல்டனும் ஹால்டர்மனும் இந்தப் பூட்டுகளின் குறைகளில் சிலவற்றை ருசினோவிச்சுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு மின்னிலக்கப் பதிப்புரிமைச் சட்டம் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியிருந்ததால், அவர்கள் வழக்கறிஞர்களோடு பேசுவதில் வாரக்கணக்கில் காலம் போனது. அத்தனை நாளும் மக்கள் அந்த வட்டுகளைச் செருகிக்கொண்டிருந்தார்கள். கேட்பவரைக் காக்க முயன்றவரை வாய்மூட வைத்தது சட்டம். 2006 இறுதியில்தான் இத்தகைய வட்டுகளைப் பாதுகாப்புக்காகச் சோதிக்க விதிவிலக்கு அளித்தார்கள்.

அந்தச் சட்டத்தின் சாயல்தான் சிங்கப்பூருக்கும் வந்தது. 2004 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்த அமெரிக்க - சிங்கப்பூர் தடையற்ற வணிக ஒப்பந்தம் அறிவுசார் சொத்துக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியது. அதன் வழியாக, குறுவட்டு அச்சிடும் ஆலைகளுக்கு உரிமம் கேட்கும் சட்டம் 2004இல் நிறைவேறியது. தொழில்நுட்பப் பூட்டுகளைக் காக்கும் பதிப்புரிமைத் திருத்தம் 2005 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சோனி வட்டு விவகாரம் வெளிப்படுவதற்குப் பத்து மாதம் முன்பு! அந்தப் பூட்டுகள் எதைச் செய்யக்கூடியவை என்று உலகம் அறிவதற்கு முன்பே அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. 2021 நவம்பர் 21 அன்று வந்த புதிய பதிப்புரிமைச் சட்டமும் அந்தப் பாதுகாப்பைத் தொடர்கிறது.

பதிப்புரிமைக்காரர்களின் நியாயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 1990களில் சிம் லிம் ஸ்குவேரில் திருட்டு வட்டுகள் வெளிப்படையாக விலைபோயின. தமிழ்நாட்டில் திருட்டு ஒலிநாடாவும் திருட்டு விசிடியும் எத்தனை தயாரிப்பாளர்களை நொடிக்க வைத்தன என்பது நாம் அறிந்ததே. அங்கே 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்திலேயே வீடியோ திருடர்களைச் சேர்த்தார்கள். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் வாத்தியக்காரருக்கும் உரிய பணம் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் அந்தப் பணத்தைக் காப்பதற்காக, ஏற்கெனவே பணம் கொடுத்தவருடைய வீட்டுக்குள் ஒற்றனை அனுப்புவதை எந்தக் கலைஞனின் உரிமையும் நியாயப்படுத்தாது. சோனியின் பூட்டு இணையத்தில் அந்தப் பாட்டுகள் பரவுவதைத் தடுக்கவும் இல்லை. மேக் கணினியிலும் லினக்ஸிலும் எக்ஸ்சிபி வேலையே செய்யவில்லை.

ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தியாவின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கூடுதல் நிதானம் உடையது. பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம் என்கிறது. தண்டனை இரண்டு ஆண்டு வரை. பயனரை அடையாளம் காணவோ வேவு பார்க்கவோ வைக்கப்பட்ட பூட்டை உடைப்பது குற்றமாகாது என்றும் அதே பிரிவில் எழுதி வைத்திருக்கிறார்கள். சோனியின் பாடத்தைக் கற்றுக்கொண்ட சட்டம் என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். சிங்கப்பூரிலும் விதிவிலக்குகள் உண்டு. என்றாலும் அவை பெரும்பாலும் ஆய்வாளருக்கும் நிபுணருக்கும் பயன்படும் வகையில் அமைந்தவை. இங்கே 1993 முதல் நடப்பில் இருக்கும் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம், அனுமதியின்றி ஒருவருடைய கணினியின் உள்ளடக்கத்தை மாற்றுவதைக் குற்றமாக்குகிறது. முதல் குற்றத்துக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். "ஏற்கிறேன்" என்ற ஒரு சொடுக்கு, ஒப்பந்தத்தில் சொல்லப்படாத செயலுக்கும் அனுமதி ஆகுமா? ஆகாது என்று சட்டமே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் வழக்காடும் வேலை மிச்சம்.

இசைத்துறை தன் வழியை விரைவிலேயே மாற்றிக்கொண்டது. 2007 பிப்ரவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் பூட்டில்லாப் பாட்டுகளை விற்க விடுங்கள் என்று பகிரங்கமாக எழுதினார். இஎம்ஐ இசை நிறுவனம் இரண்டே மாதத்தில் இணங்கியது. 2009இல் ஐடியூன்ஸ் கடையின் பாட்டுகள் பூட்டிலிருந்து விடுபட்டன. 2008இல் சோனி முழுமையாக வாங்கிக்கொண்ட அதே சோனி பிஎம்ஜியின் இந்தியக் கிளை, 2011 நவம்பரில் ஒரு தமிழ்ப் பாட்டை யூடியூபில் எவரும் கேட்கும்படி திறந்துவிட்டது. கொலவெறி என்ற அந்தப் பாட்டு உலகம் சுற்றியது பூட்டு இல்லாததால்தான்.

இசைத்துறை கைவிட்ட பழக்கம் பிற துறைகளில் வளர்ந்தது. கணினி விளையாட்டுகள் ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க இயங்குதளத்தின் அடித்தளம் வரை இறங்குகின்றன. உலகச் சந்தைக்கான அலுவலகத்தைச் சிங்கப்பூரில் வைத்திருக்கும் ஹோயோவெர்ஸ் நிறுவனத்தின் ஜென்ஷின் இம்பாக்ட் விளையாட்டோடு வந்த ஓர் இயக்கி நிரலை, பிணைப்பணம் பறிக்கும் கும்பல் ஒன்று வைரஸ் தடுப்பைச் செயலிழக்கச் செய்யப் பயன்படுத்தியது. 2022 ஆகஸ்டில் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான ட்ரெண்ட் மைக்ரோ இதை வெளியிட்டது. அந்த விளையாட்டே இல்லாத கணினியிலும் கும்பல் அந்த இயக்கியைக் கொண்டுபோய் வைத்தது. முறையான கையொப்பம் உள்ள நிரல் என்பதால் விண்டோஸ் அதை நம்பியது. 2005இல் சோனி செய்த தவற்றின் வடிவம் இதிலும் இருக்கிறது: நல்ல நோக்கத்துக்கு என்று ஆழத்தில் திறந்த கதவு, திறந்தவருக்கு மட்டும் திறந்திருப்பதில்லை.

இனி துவாஸுக்கு வருவோம். 2020 மார்ச் 20 அன்று, கொரோனா தொற்றின் தடம் அறிவதற்கான டிரேஸ்டுகெதர் செயலி வந்தது. பொதுமக்களுக்கு அப்போது அது விருப்பத்தின் பேரில். தங்கும் விடுதிகளில் வாழ்பவர்களுக்கும் கட்டுமானம், கப்பல் பட்டறை, செயல்முறைத் தொழில்களில் வேலை அனுமதிச் சீட்டோடு இருப்பவர்களுக்கும் அந்த ஆண்டு ஜூன் மாதமே கட்டாயமாகிவிட்டது. வேலைக்குப் போக இன்னொரு செயலியில் பச்சை நிறம் காட்ட வேண்டியிருந்தது. பட்டறைகளும் தொழிற்கூடங்களும் விடுதிகளும் நெருங்கி நிற்கும் துவாஸ், இந்த விதிகள் மிக அழுத்தமாகப் பதிந்த இடங்களில் ஒன்று.

இதைச் சோனியின் செயலோடு ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது. செயலி ஒளிந்து வரவில்லை. நோய் உண்மையானது, விடுதிகளில் அது பரவிய வேகம் கொடியது. டிரேஸ்டுகெதரின் அடிப்படை நிரலை அரசாங்கம் 2020 ஏப்ரலிலேயே எவரும் பார்க்கும்படி வெளியிட்டது, பாராட்ட வேண்டிய செயல். ஆனால் தகவல் நோய்த்தடம் அறிவதற்கு மட்டுமே என்று முதலில் சொல்லப்பட்டிருந்தது. 2021 ஜனவரி 4 அன்று நாடாளுமன்றத்தில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் காவல்துறை அதைப் பெறலாம் என்று உள்துறைத் துணையமைச்சர் டெஸ்மண்ட் டான் தெரிவித்தார். மக்கள் வருந்தினார்கள், கேள்வி கேட்டார்கள். பிப்ரவரி 2 அன்று, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரையறுக்கும் சட்டம் நிறைவேறியது. கேட்டால் வரம்பு கிடைக்கும் என்பதற்கு இது நல்ல சான்று. கேட்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள் கேட்டார்கள். வேலை அனுமதி முதலாளியின் கையில் இருக்கும் ஒரு தொழிலாளி, தன் கைப்பேசியில் ஏறும் செயலியைப் பற்றி யாரிடம் கேட்பார்?

அவருக்கு அந்தக் கைப்பேசிதான் வங்கி, அதுதான் வீடு, குழந்தையின் முகம் பார்க்கும் சாளரமும் இரவில் பாட்டுக் கேட்கும் பெட்டியும் அதுவே. எனவே அதற்குள் நுழைபவருக்கு, அது இசை நிறுவனமோ விளையாட்டு நிறுவனமோ முதலாளியோ அரசாங்கமோ, கடமைகள் இருக்கின்றன. எதை நிறுவுகிறோம், எங்கே நிறுவுகிறோம், எந்தத் தகவலை யாருக்கு அனுப்புகிறோம், எப்படி நீக்குவது என்பதை நிறுவும் முன்பே சொல்ல வேண்டும். பயன்படுத்துபவரின் மொழியில், ஒரு திரைக்குள் அடங்கும்படி சொல்ல வேண்டும். மறைக்கும் நிரலுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்று எழுத வேண்டும். அத்தகைய பூட்டை நீக்குபவரும் நீக்க உதவுபவரும் குற்றவாளிகள் ஆகக் கூடாது. இந்தியச் சட்டம் எழுதிய அந்த ஒரு வரியைச் சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகமும் பயனீட்டாளர் சங்கமும் எடுத்துப் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், துவாஸிலிருந்து வந்த ஒரு தம்பி கைப்பேசியை நீட்டி "அண்ணே, இது என்ன கேட்குது?" என்றால், "ஓகே கொடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். திரையில் உள்ளதை அவருக்குத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். வேண்டுமா வேண்டாமா என்று அவரே முடிவெடுக்கட்டும்.